காற்றை முதுகில் வைத்து நடந்தோம்

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் உன் மருமகன் லொறியால் இறங்கும்போது கையில் ஒரு ஓலைப்பெட்டி இருந்தது. வன்னிக்கு விறகேற்றப் போனவர், வழியில் றோட்டோரம் விற்றவர்களிடம் பாலைப்பழம் வாங்கி வந்திருக்கிறார். உன் மகளுக்கென்று வாங்கியதுதான். ஆனாலும் பெட்டியைத் திறந்ததும் வந்த மணத்தில் நானும் ஒரு கை அள்ளி வாயில் போட்டுவிட்டேன். மஞ்சள் மஞ்சளாய், விரல் பட்டாலே நசியும் பழம். கொஞ்ச நேரத்தில் பால் பிடித்து உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. தேங்காயெண்ணெய் எடுக்கக் குசினிக்குள் போனவள், எதற்கு வந்தேன் என்பதை மறந்து அப்படியே நின்றேன். "கனக்கத் திண்டியெண்டால் வாய் ஒட்டிப்போம். உனக்கு அது நல்லதுதான்" என்று பாலை மரத்தடியில் நின்று நீ சொன்னது காதுக்குள் கேட்டது.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிந்ததும் முற்றத்தைக் கூட்டினேன். கூட்டிய முற்றத்தையே திரும்பவும் கூட்டினேன். கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் அள்ளாமல் திரும்பி வந்தேன். கடைசியில் இந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செத்தவளுக்குக் கடிதம் எழுதுகிறாள் விசரி என்று யாரும் சொன்னால் சொல்லட்டும். உன்னிடம் கதைக்காமல் செய்ய முடியாத காரியம் ஒன்று வந்திருக்கிறது.

விஷயம் இதுதான். உன் மகள் இப்போது மூன்று மாதக் கர்ப்பம். அண்ணை, உன் மனுசன், அவளைப் பாயில் கிடத்திவிட்டு, அறை வாசலில் கதிரை போட்டுக்கொண்டு காவல் இருக்கிறார். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியில் காட்டினோம். தாயும் பிள்ளையும் சுகம், நடக்கலாம், வீட்டு வேலை பார்க்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கேட்பாரா அவர்?

"அவையள் சொல்லுவினம். இவளின்ரை தாய்க்கு ரெண்டு போனது அவையளுக்குத் தெரியுமோ? கிடத்தினாப் பிறகுதானே இவள் தங்கினவள்" என்றார்.

"அண்ணை, அதுக்கு முதல் ரெண்டு முறையும் அவள் கிடந்தவள்தானே?"

"நீ சும்மா இரு. உனக்கென்ன தெரியும்?"

எனக்கென்ன தெரியும்! இதைக் கேட்டுக்கொண்டு நான் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லாமல் வந்தேன் என்றால் நீ நம்பமாட்டாய். அவர் கோபத்தில் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். உன்னைப் பறிகொடுத்த பிறகு மனுசன் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார். மழை பெய்தால் பயம், மருமகனின் லொறி வரப் பிந்தினால் பயம். மகள் தும்மினால் எழும்பி நிற்கிறார்.

உன் மகளோ, உன்னுடைய மகள்தான். பாயில் கிடந்தபடி கால் இரண்டையும் ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். நேற்று நான் பழத்தைக் கோப்பையில் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தபோது, தகப்பனுக்குக் கேட்காதபடி என் கையைப் பிடித்தாள்.

"மாமி, அம்மா உண்மையா அப்பிடிக் கிடந்தவவோ? கடைசி நேரத்திலை ஆசுப்பத்திரிக் கட்டிலிலையே கிடக்கமாட்டன் எண்டு நிண்ட மனுசி, மாசக்கணக்காப் பாயிலை கிடந்தவ எண்டால் நான் நம்பவோ?"

"ஓம், கிடந்தவதான்" என்றேன். அது பொய்யில்லை.

"முழுக்கவோ?"

அடுப்பில் கறி அடிப்பிடிக்கப் போகிறது என்று சொல்லி, வேலியில் ஆள் நுழைய விட்ட பொட்டுக்குள்ளால் குனிந்து என் வளவுக்கு ஓடிவந்துவிட்டேன். அடுப்பே மூட்டியிருக்கவில்லை. அவள் கேட்டதற்குப் பதில் தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான். அந்தப் பதிலைச் சொல்லமாட்டேன் என்று உனக்கு வாக்குத் தந்தவளும் நான்தான்.

நீ பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான். வாங்கில் இருக்கச் சொன்னால் தண்ணீர் கொண்டுவரட்டோ, வெண்கட்டி எடுத்துவரட்டோ என்று எழும்பி நிற்பாய். உன் பக்கத்தில் இருந்து இருந்து எனக்கும் அடி விழும். என் அண்ணைக்கு உன்னைப் பேசி வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். "எங்கடை வீட்டிலை வந்தெண்டாலும் ஒரு இடத்திலை இரு" என்று பகிடி பண்ணினேன். "வள்ளத்திலை வீடு கட்டித் தரச் சொல்லு கொண்ணையை. அதிலை இருக்கிறன்" என்றாய். கலியாணமாகி வந்த பிறகும் நாங்கள் நீ, நான் என்றே கதைத்தோம். அண்ணன் பெண்சாதியை ஒருமையில் கூப்பிடுகிறாள் என்று அம்மாவுக்கு அது ஒரு மனக்குறை.

முதல் பிள்ளை வயிற்றில் வந்ததும் அம்மா உன்னைக் கிடத்தினார். எங்கள் பக்கத்து வழக்கம் அப்படித்தான்; மெலிந்த உடம்புக்காரி என்றால் கிடத்திவிடுவார்கள். நீயும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாய். கூரையின் வரிச்சுத் தடியெல்லாம் உனக்குப் பாடம். நாலாம் மாதம் அது போய்விட்டது. இரண்டாவதற்கு இன்னும் கவனமாகக் கிடத்தினார்கள். சோற்றைக்கூட நான்தான் ஊட்டினேன். அதுவும் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள் கடற்கரையில் வலை காயும் இடத்தில் நின்று, யாரையும் பார்க்காமல் நீ சொன்னாய்:

"கிடந்து கிடந்து ரெண்டைக் குடுத்திட்டன். இன்னொண்டு வந்தால் நடந்து பாக்கிறன்."

நான் உன்னைப் பேசினேன். என்ன கதை கதைக்கிறாய் என்று. நீ கரை நீளத்துக்கு நடந்துகொண்டே போனாய். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் சோளகக் காற்று பிறந்ததும் வழக்கம்போல் எங்கள் குடும்பங்கள் சுண்டிக்குளத்துக்கு வாடிக்குப் புறப்பட்டன. கிழக்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும் காலம் அது. மணலில் ஓலைக்குடில் போட்டு, ஆண்கள் கரைவலை இழுப்பார்கள். பெண்கள் மீனைக் கீறி, உப்புப் போட்டு, காயவைத்து எடுப்போம். சமைக்க ஆள் வேண்டும் என்று நீயும் ஒற்றைக்காலில் நின்று புறப்பட்டாய். உனக்குத் துணையாக நான். வள்ளத்தில் ஏறி, ஊர்க் கோயில் கோபுரம் மறைந்த பிறகுதான் என் காதுக்குள் சொன்னாய்.

"எடியே, எனக்கு நாள் தள்ளிப்போச்சு. கொண்ணைக்குச் சொல்லிப்போடாதை. தெரிஞ்சால் வள்ளத்தைத் திருப்பிப்போடுவார்."

உன் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாய், ஆனால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளிறிப் போயிருந்தன. இந்தப் பிள்ளையை நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்பதும், எவ்வளவு பயந்தாய் என்பதும் எனக்கு அந்த விரல்களில் தெரிந்தது. நான் அண்ணைக்குச் சொல்லவில்லை.

வாடிக்குப் போன கையோடு உனக்கு ஓங்காளமும் சத்தியும் தொடங்கின. அதுவும் வேறு எந்த மணத்துக்கும் இல்லை, கருவாட்டு மணத்துக்கு! கடற்கரையில் பிறந்து, கருவாட்டுக்குள் வளர்ந்தவளுக்குக் கருவாடு மணந்தால் குடல் வெளியே வருகிறது. வாடி முழுக்கக் கருவாடு. எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது? சத்தி எடுப்பதை யாரும் கண்டால் விஷயம் தெரிந்துவிடும். தெரிந்தால் ஊர், பாய், கூரைத் தடி. அதனால்தான் நீ காட்டுப் பக்கம் போகத் தொடங்கினாய். ஆண்கள் வலை இழுத்து, தின்று, குடிலுக்குள் சரிந்த பிறகு, விறகுக்குப் போகிறோம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்புவாய்.

அந்தக் காட்டை நீ என்ன மாதிரிப் பார்த்தாய் என்று எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணத்தில் பனையைத் தவிர அண்ணாந்து பார்க்க என்ன இருக்கிறது? அங்கே மணல் மேட்டில் தாழம்பற்றை. அதைத் தாண்டினால் களப்பு. சோளகத்தில் வற்றி, கணுக்காலளவு தண்ணீரோடு கிடக்கும். ஓரமெல்லாம் கண்டல் மரங்கள் வேரைக் கிளப்பிக்கொண்டு நிற்கும். சேற்றில் முதலை இழுபட்டுப் போன தடத்தை நீ காலால் அளந்து பார்ப்பாய். களப்புக்கு அப்பால் காரையும் சூரையும் ஈச்சம்பற்றையுமாய் முள்ளுக்காடு. மயிலும் மானும் அங்கேதான். அதற்கும் உள்ளே போனால் பாலை, வீரை, முதிரை என்று வெயில் இறங்காத பெருங்காடு. காட்டின் தொடக்கத்தில் துருப்பிடித்த பலகை ஒன்று நின்றது. பறவைகள் சரணாலயம், வேட்டையாடக்கூடாது என்று எழுதியிருந்தது. நீ அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "பறவைக்கெல்லாம் காடு ஒதுக்கியிருக்கினம். எனக்கும் ஒரு மூலை தரமாட்டினமோ?" என்றாய்.

காட்டுக்குள் உனக்குச் சத்தி இல்லை. அதோடு, ஊரில் எதைத் தின்றாலும் நிற்காத வயிற்றில் பாலைப்பழம் நின்றது. அதைக் கண்ட பிறகு உன்னைப் பிடிக்க முடியுமா? முதலில் முள்ளுக்காட்டு ஓரத்துச் சின்ன மரங்களோடு நின்றாய். பிறகு ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் கொஞ்சம் உள்ளே. போதும் வா என்றால், "பிள்ளை கேக்குது. நானோ கேக்கிறன்?" என்பாய்.

இதுவரை எழுதிவிட்டு எழும்பிப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணையின் சத்தம் கேட்டது. அவள் பாயிலிருந்து எழும்பிக் கிணற்றடிவரை போயிருக்கிறாள். அதற்குத்தான் இவ்வளவு சத்தம். அவளும் திருப்பிக் கத்துகிறாள். அண்ணையின் குரல் உடைந்துபோய் இருந்தது. நான் பொட்டடியில் நின்று கேட்டுவிட்டு, உள்ளே போகத் துணிவில்லாமல் திரும்பி வந்து பேனையை எடுத்திருக்கிறேன்.

அந்த நாளை எழுதிவிடுகிறேன், மச்சாள்.

அன்றைக்குப் பெருங்காட்டுக்குள் ஒரு பெரிய பாலை மரத்தைக் கண்டோம். கீழே மஞ்சள் விரித்த மாதிரிப் பழம். நீ சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தி இருந்து பொறுக்கினாய். நான் தண்ணீர்ப் போத்தலை வேரடியில் வைத்துவிட்டுப் பெட்டியைப் பிடித்தேன். வாய் ஒட்டிப்போம் என்று நீ என்னைப் பகிடி பண்ணியது அங்கேதான். பழம் பொட்டுப் பொட்டென்று விழுந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் நீ பொறுக்குவதை நிறுத்தினாய்.

"எடி, காத்து இல்லை."

"இல்லாட்டில் என்ன?"

"அப்ப பழம் ஏன் விழுகுது?"

"குரங்காயிருக்கும். நீ பொறுக்கு" என்றேன்.

நீ அண்ணாந்து பார்த்தாய். நானும் பார்த்தேன். எங்கள் தலைக்கு நேர் மேலே கவட்டில் கறுப்பாய் ஒன்று இருந்தது. மயிர் மூடிய ஒரு கால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கரடி கொப்பை இழுத்து வாயோடு உருவிக்கொண்டிருந்தது, எங்களைக் கவனிக்கவே இல்லை. அதனுடைய பந்தியில் போய் நாங்கள் குந்தியிருக்கிறோம்! பெட்டி, போத்தல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினோம். நீ ஒரு கையால் என்னைப் பிடித்திருந்தாய், மற்றக் கையால் வயிற்றைத் தாங்கியிருந்தாய். "ஓடாதையடி, ஓடாதை" என்று நான் கத்திக்கொண்டு ஓடினேன். ஓடாமல் என்ன செய்வது?

நின்றபோது பாதை இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம். வெயில் உச்சியில் நின்றதால் நிழலும் காலடிக்குள் கிடந்தது. வாடியில் நாங்கள் இல்லையென்று யாருக்கும் பொழுது சரியும்வரை தெரியாது. எனக்கு அழுகை வந்தது. நீதான் சொன்னாய், வெட்டையான இடம் ஒன்றைக் கண்டுபிடிப்போம் என்று. தேடி நடந்து, தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த ஒரு மடுவுக்கு வந்தோம். அங்கே மேலே வானம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் காற்றும் வந்தது. உன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"சோளகம் எழும்பிட்டுது. சோளகம் கரையிலை இருந்து கடலுக்கை போற காத்து. அதை முதுகிலை வைச்சு நடந்தால் நேரை கடல்தான். இதுக்கோ அழுதனி?"

எனக்கும் உயிர் வந்தது. கடல்காரப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் என்ன வழிகாட்டி வேண்டும்? எங்கள் தகப்பன்மார் காற்றைக் கன்னத்தில் வாங்கித்தானே கோடியக்கரைக்கும் போய் வந்தார்கள். நீ முன்னுக்கு, நான் பின்னுக்கு. மரங்களுக்குள் புகுந்தால் காற்றுத் தெரியாது. அடுத்த வெட்டைக்கு வரும்போது நீ நின்று, பிடரி மயிரை ஒதுக்கி, காற்று முதுகில் படுகிறதா என்று பார்ப்பாய். பட்டது. பட்டுக்கொண்டே இருந்தது. நாங்களும் நடந்துகொண்டே இருந்தோம்.

ஆனால் கடல் வரவில்லை. கடலை நோக்கிப் போனால் மரம் கட்டையாகிக்கொண்டு வர வேண்டும். அங்கே மரம் உயர்ந்துகொண்டு போனது. கொடிகள் கையளவு தடிப்பில் தொங்கின. ஓரிடத்தில் யானை இலத்தி கிடந்தது. நான் அதைப் பார்த்தேன், நீயும் பார்த்தாய், இரண்டு பேரும் அதைச் சுற்றி நடந்தோம். தாகத்தில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. நீ ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பிறகு மெல்லக் குந்தி இருந்தாய். உன் முகத்தில் நிறமே இல்லை.

அந்த நேரம் நான் பட்டதை உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, மச்சாள். உன் சேலையைத்தான் பார்த்தேன். பின்பக்கம், மடிப்பு, கரை எல்லாம் தேடித்தேடிப் பார்த்தேன். எங்கேயாவது சிவப்பாய் ஒரு புள்ளி தெரிந்துவிடுமோ என்று. இந்தக் காட்டுக்குள், ஒரு துளி தண்ணீர் இல்லாமல், இவளுக்கு மூன்றாவதும் போகப் போகிறது, இதைத் தாங்கமாட்டாள், நான் என்ன செய்வேன்?

நீ சத்தி எடுத்தாய். குடல் புரளப் புரள எடுத்தாய். நான் உன் தலையைப் பிடித்தேன். எடுத்து முடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு நீ சொன்னது:

"கருவாடு."

"என்னது?"

"கருவாடு மணக்குதடி."

இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். நான் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். இலை மணம், மண் மணம், அவ்வளவுதான்.

"எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே."

"எனக்கு மணக்குது. எங்கடை வாடியிலை காயிற சாளை. இந்தா, திரும்ப வருது" என்று சொல்லும்போதே இன்னொரு முறை குனிந்தாய். நிமிரும்போது உன் கண் மாறியிருந்தது. மெல்ல எழும்பி, நாங்கள் வந்த பக்கம் திரும்பி நின்றாய். காற்று இப்போது உன் முகத்தில் பட்டது. அந்தக் காற்றில்தான் மணம் வந்தது.

"ஐயோ, இது சோளகமில்லை! இது கொண்டல். கடலிலை இருந்து வாற காத்து. நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ நடந்து வந்திருக்கிறம்!"

காலையில் கடலுக்குள் போன காற்று, மத்தியானத்தில் விழுந்து, கடலிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. கரையில் நின்றிருந்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். தண்ணீரின் முகம் மாறும், அலை சொல்லிவிடும். காட்டுக்குள் யார் சொல்வது? காற்றை நம்பிப் பிறந்தவர்கள் நாங்கள். அந்த நம்பிக்கையிலேயே காட்டின் வயிற்றுக்குள் நடந்து போயிருக்கிறோம். வேறு எந்த ஊர்க்காரியும் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டாள். வெயிலைப் பார்த்திருப்பாள், அல்லது மரத்தைப் பார்த்திருப்பாள். நீ அந்த நிலையிலும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னைப் போட்டு அடிக்க வேண்டும் போல இருந்தது.

திரும்பி நடந்தோம். எனக்குக் கடைசிவரை ஒன்றும் மணக்கவில்லை. உன் மூக்குக்குப் பின்னால்தான் நடந்தேன். உன்னால் தாங்கவே முடியாத மணத்தை நோக்கி, அதை விட்டு ஓடிவந்த நீயே, ஒவ்வொரு அடியாக நடந்தாய். கொஞ்சத் தூரம் நடப்பாய், குனிந்து எடுப்பாய், துடைப்பாய், மூக்கை உயர்த்திப் பார்த்து "உந்தப் பக்கம்" என்பாய். எடுக்க ஒன்றும் இல்லாமல் பச்சைத் தண்ணீராய் வந்தது. நான் வழி முழுக்க உன் சேலையைப் பார்த்தபடியே வந்தேன். முள்ளுக்காடு வந்தது. களப்பு வெளிச்சம் தெரிந்தது. மணல் மேட்டில் ஏறியதும் கருவாடு எனக்கும் மணந்தது. அப்படி ஒரு வாசம் என் சீவியத்தில் நான் மணந்ததில்லை.

வாடிக்குள் போக முதல் நீ கடலில் இறங்கி முகம் கழுவினாய். பிறகு என் கையைப் பிடித்து உன் தலையில் வைத்தாய்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. பிள்ளை தங்கினால் எல்லாரும் ஒவ்வொரு காரணம் சொல்லட்டும். தங்காட்டில் காட்டுக்குப் போனதாலை எண்டு சொல்லுவினம். அதை மட்டும் என்னாலை கேக்கேலாது."

சத்தியம் செய்தேன். விறகுக்குப் போன இடத்தில் தாழம்பற்றை சேலையைக் கிழித்துவிட்டது என்று அண்ணைக்குச் சொன்னோம். நம்பினார். ஆனால் குடிலுக்குள் போன உடனேயே நீ அவருக்கு முன்னால் சத்தி எடுத்துவிட்டாய். அவருக்கு விளங்கிவிட்டது. அடுத்த வள்ளத்தில் உன்னை ஊருக்கு ஏற்றினார். அம்மா பாயை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நீயும் போய்க் கிடந்தாய். உனக்கும் அந்த நாளுக்குப் பிறகு பயம் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். மார்கழி மழைக்குள் உன் மகள் பிறந்தாள்.

தான் கிடத்தியதால்தான் பேத்தி தங்கினாள் என்று அம்மா சாகும்வரை ஊர் முழுக்கச் சொன்னார். நீ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாய். "மனுசி சந்தோசப்படட்டும். ஆராலை எண்டால் என்ன, பிள்ளை இருக்குத்தானே" என்பாய். மகள் வளர்ந்து, நீ சொன்ன மயில், மான் கதைகளைக் கேட்டு, அந்தக் காட்டைக் காட்டு என்று நச்சரிக்கும்போதெல்லாம் கூட்டிப்போகிறேன் என்பாய். வாடிக் காலம் வந்தால் அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். போகவே இல்லை. நீயும் போய்விட்டாய். ஒரு கிழமைக் காய்ச்சல், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி விறாந்தையில் நடக்கப்போகிறேன் என்று அடம்பிடித்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நாலு கட்டில் தூரம் நடந்தாய். அதற்கு மறுநாள் நீ இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். நடக்கத் தொடங்கினால் ஒருத்திக்கும் சொல்லாமல் போய்விடுவதா?

பேனையை வைத்துவிட்டுப் போனேன். இது போய்விட்டு வந்து எழுதுவது.

மத்தியானம் பொட்டுக்குள்ளால் போனேன். அண்ணை வாசல் கதிரையில் இருந்தார். அவரைத் தாண்டிப் போய் அவள் பாயில் இருந்தேன். மெல்லச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவளுக்கு மட்டும் சொல்லி என்ன பயன்? இரண்டு பேருக்கும் கேட்கச் சத்தமாகவே சொன்னேன். நாள் தள்ளியது, வள்ளத்தில் நீ சொன்னது, பாலைப்பழம், கரடி, கொண்டல், கருவாடு எல்லாம். நடந்ததால் பிள்ளை தங்கியதா, பிறகு கிடந்ததால் தங்கியதா, இரண்டும் இல்லாமல் தானாகவே தங்கியதா, எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். யாராவது தெரியும் என்று சொன்னால் அது பொய் என்றும் சொன்னேன்.

அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை. முற்றத்தைப் பார்த்தபடியே, "விறகுக்கெண்டெல்லோ சொன்னனீங்கள்" என்றார். பிறகு, "கரடியோ?" என்றார். அதற்குப் பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் மகள் எழும்பி இருந்தாள். வயிற்றில் கையை வைத்திருந்தாள்.

"மாமி, அப்ப நான் அந்தக் காட்டுக்குப் போயிருக்கிறன்."

"ஓம் பிள்ளை, போயிருக்கிறாய்."

பாயிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"உங்களுக்குக் கருவாடு மணக்கேல்லை. அப்ப அம்மாவுக்கோ மணந்தது, எனக்கோ?"

இத்தனை வருஷத்தில் இதை நான் நினைத்துப் பார்க்கவில்லை, மச்சாள். உன் மூக்குக்குப் பின்னால் நடந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் இருவரையும் அன்றைக்குக் கரைக்குக் கூட்டிவந்தது யார் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அண்ணைதான் எழும்பினார். கதிரையைத் தூக்கி வாசலிலிருந்து எடுத்து, சுவரோடு வைத்தார். "வெயில் தணிஞ்சாப் பிறகு ரெண்டு பேருமா நடக்கப் போங்கோ. கனதூரம் போகாதையுங்கோ" என்றார்.

வாக்கை முறித்துவிட்டேன். உனக்குக் கோபமென்றால் வந்து பேசு. உன்னிடம் வாங்கிய சத்தியத்தை இறக்கி வைத்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு உன் சேலையைப் பார்த்த பயத்தை இறக்கி வைக்க முடியவில்லை. அது அப்படியே என்னிடம் இருக்கிறது. இப்போது வெயில் தணிந்துவிட்டது. அவள் செருப்பையும் போட்டுக்கொண்டு படலையடியில் நின்று கூப்பிடுகிறாள், மாமி கெதியா வாங்கோ என்று. வாறன் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, போகிறேன்.